புதிர் அறையை மூடவிடாத டாக்டர் விசாலாக்ஷி அவர்களுக்கு

இந்த மருத்துவமனையின் நரம்பு உளவியல் பிரிவைத் தொடங்கி, தாங்கி, தழைக்கச் செய்தவரே. அடிபட்ட மூளையோடு அவமானமும் சேர்ந்துவிடாமல் காத்தவரே. அளந்த பிறகே பேசுபவரே, பேசிய பிறகு அசையாதவரே. எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய விசாலாக்ஷி மேடம் அவர்களே, வணக்கம்.

உங்கள் பணி ஓய்வுக்காக மராத்தியில் மானபத்ரம் என்ற பாராட்டு மடல் வாசித்தாயிற்று. ஆங்கிலத்தில் மூன்று பேர் பேசியாயிற்று. தமிழிலும் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள், இங்கே பணிபுரியும் தமிழர்களாகிய நாங்கள். பதினெட்டு ஆண்டுகளாக எங்களைத் தமிழில்தான் திட்டினீர்கள். ஆகவே வாழ்த்தையும் தமிழில் வாங்கிக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது.

எழுதும் வேலை எங்களில் இளையவளுக்கு வந்து சேர்ந்தது. பகலில் உங்கள் பிரிவில் சோதனைத் தாள்களைத் திருத்தி, மாலையில் புள்ளியியல் வகுப்புக்குப் போகிறவள். பாராட்டு மடல் என்றால் கடலும் மலையும் முழுநிலவும் வந்தாக வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். எழுதியும் பார்த்தோம். எங்கள் அறிக்கைகளின் ஓரத்தில் நீங்கள் பென்சிலால் எழுதும் 'எப்படித் தெரியும்?' என்ற கேள்வி ஒவ்வொரு உவமையின் பக்கத்திலும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. உவமைகளை எடுத்துவிட்டோம். நடந்ததை, நடந்தபோது இருந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதியிருக்கிறோம். அழகு குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் பொறுக்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

1990ஆம் ஆண்டு நீங்கள் இங்கே சேர்ந்தபோது உங்களுக்குக் கொடுத்தது எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், வண்ணக் கட்டைகள் நிறைந்த ஒரு பெட்டி. தலையில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர், வலிப்பு நோயாளி, மறதி கண்ட முதியவர் என்று யார் வந்தாலும், நினைவு எவ்வளவு நிற்கிறது, கவனம் எங்கே நழுவுகிறது, சொல் எந்த இடத்தில் தொலைகிறது என்று பொறுமையாகச் சோதிப்பீர்கள். இவர் இன்னதைச் செய்யலாம், இன்னதைச் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுப்பீர்கள். ஸ்கேன் எடுத்தால் மூளையின் படம் கிடைக்கும். அந்த மூளையோடு ஒருவர் நாளைக் காலை வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்பது உங்கள் அறையில்தான் கிடைத்தது. கட்டைகளையும் படங்களையும் பார்த்த நோயாளிகள் அதைப் 'புதிர் ரூம்' என்றார்கள். கணக்குப் பிரிவில் அதற்குப் 'பொம்மை ரூம்' என்று பெயர்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதனை தொடங்கும் முன் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி: "வீட்டுல சண்டை போடறது எந்த பாஷைல?" புனேயில் ஒரே ஆள் காய்கறிக் கடையில் மராத்தி பேசுவார், ரிக்ஷாக்காரரிடம் இந்தி பேசுவார், ஆபீஸில் ஆங்கிலம் பேசுவார். சண்டை மட்டும் சொந்த மொழியில் வரும். சோதனையும் அந்த மொழியில்தான் நடக்க வேண்டும் என்பது உங்கள் விதி. கேள்வியைக் கேட்டதும் நோயாளி சிரிப்பார். கூட வந்தவர் சிரிக்க மாட்டார், நடந்த சண்டையையே சொல்லத் தொடங்கிவிடுவார். நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். உங்கள் முதல் உதவியாளர் வனஜா அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இந்தக் கேள்வியில் பாதி நேரம் வீணாகிறது என்று அந்தக் காலத்தில் தான் நினைத்ததாக அவரே எங்களிடம் சொன்னார்.

மேடம், உங்கள் திறமைகளைப் பட்டியல் போட எங்களால் முடியும். அதைவிட, இந்தப் பிரிவு ஒருமுறை மூடப்பட இருந்த கதையைச் சொல்வதே சரியென்று பட்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

1999ஆம் ஆண்டு. ஒவ்வொரு பிரிவும் தன்னால் என்ன பயன் என்பதை மார்ச் மாதக் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்று அறக்கட்டளை நிர்வாகம் சொல்லியிருந்தது. காட்ட முடியாத பிரிவை மூடிவிடுவார்கள். உங்கள் அறையில் வைக்க இரண்டாவது அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தை ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்கள். அப்போது நிதி அலுவலராக இருந்தவர் திரு. விஸ்வேஸ்வரன். வங்கியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பகுதியை வாசிக்க அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்.

நீங்களும் வனஜா அக்காவும் முந்தைய ஓராண்டு நோயாளிகளைக் கணக்கெடுத்து, அந்தக் கூட்டத்தில் உங்கள் சோதனைக்குப் பின் எத்தனை பேர் முன்னதாகவே வீடு திரும்பினார்கள் என்று காட்டினீர்கள். என்ன கோளாறு என்பது தெளிவானதால் தேவையில்லாத பரிசோதனைகள் நின்றன. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்ததால் குடும்பத்தார் பயமில்லாமல் அழைத்துப் போனார்கள். படுக்கைகள் சீக்கிரம் காலியாயின. நரம்பியல் மருத்துவர்கள் தலையாட்டினார்கள். விஸ்வேஸ்வரன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், நீங்க காலி பண்ணினது பெட்டு. இந்த ஆஸ்பத்திரி விக்கறதும் அதே பெட்டுதான். உங்களால எங்களுக்கு லாபம்னு சொல்றேளா, நஷ்டம்னு சொல்றேளா?"

"நோயாளிக்கு லாபம்."

"அப்போ இதை நோயாளிகிட்டக் காட்டுங்கோ. எங்கிட்ட ஏன் காட்டறேள்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்ததாம். ஆங்கிலத்தில் நடந்த இந்த உரையாடலை வனஜா அக்காவிடமும் விஸ்வேஸ்வரன் சாரிடமும் தனித்தனியாகக் கேட்டோம். இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போவது நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது என்று நம்பி, படுக்கையால் வாழும் ஒரு நிறுவனத்திடம் போய்ப் படுக்கையைக் காலி செய்ததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நாளெல்லாம் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு அது. மாடிப்படியில் இறங்கும்போது வனஜா அக்கா பொருமியிருக்கிறார்: "அந்த ஆளுக்கு ஒருநாள் தலைல அடிபடட்டும் மேடம், அப்பத் தெரியும் இந்த ரூம் எதுக்குன்னு."

நீங்கள் சொன்னீர்களாம்: "அவர் கேட்டது சரியான கேள்வி, வனஜா. யாருக்கு மிச்சமாறதோ அவாகிட்டப் போகாம, நாமதான் தப்பான ஆள்கிட்டப் போய் நின்னுட்டோம்."

மழைக்காலம் தொடங்கும்போது நடக்கும் ஜூன் கூட்டம்வரை அவகாசம் கிடைத்தது. அதற்குள் வேறு பதில் இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

மே மாதத்தில் சவரிமுத்து அண்ணன் வந்தார். அவரும் மனைவி ஆரோக்கியமேரி அக்காவும் போபோடியில் குடியிருப்பவர்கள். இருவரும் இன்று அரங்கில் இருக்கிறார்கள். அவர்கள் விருப்பத்தோடுதான் பெயரைச் சொல்கிறோம். தளேகாவில் இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் கிரேன் ஓட்டுநர். உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்து சுமைகளைத் தூக்கி நகர்த்துவது அவர் வேலை. முந்தைய தீபாவளிச் சமயத்தில் ஏணியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு, இதே மருத்துவமனையில் கிடந்து, தேறிப் போனவர். கை கால் பலம் சரி, பேச்சு சரி, இரண்டாவது ஸ்கேனும் சுத்தம். மறுபடி கிரேனில் ஏறினார். ஏறிய சில மாதங்களில் இரண்டு தடவை சுமை இடப்பக்கத் தூணில் உரசியது. குடித்துவிட்டு வந்தார் என்றார்கள். குடிக்கவில்லை என்று தெரிந்ததும், நஷ்டஈட்டுக்காக நடிக்கிறார் என்றார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, தகுதிச் சான்று வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள். 'தகுதி உண்டு' என்றால் வேண்டுமென்றே தவறு செய்தவர் என்று வேலை போகும். 'தகுதி இல்லை' என்றால் உடல்நிலைக் காரணமாக வேலை போகும். எப்படி எழுதினாலும் வேலை போகும்படியான சான்று அது.

நீங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்கள். சவரிமுத்து அண்ணன் சிரித்தார். ஆரோக்கியமேரி அக்கா சிரிக்கவில்லை.

"தமிழ்லதாம்மா. ஆனா எங்களுக்குள்ள சண்டை இல்ல. இப்ப தெருவோட சண்டை. எதிர்ல பாத்திமா அக்கா இஸ்திரிக் கடை வச்சிருக்குது. கூடப் பொறந்தது மாதிரி. இவரு டியூட்டிக்குப் போறப்ப அது 'இன்னா முத்து'ன்னு கூப்புடுது, இவரு திரும்பிக்கூடப் பாக்காம போறாரு. சாயந்தரம் வர்றப்ப இவரே போய் 'சௌக்கியமாக்கா'ன்னு இளிக்கிறாரு. அது கேக்குது, 'காலைல நான் பொணம், சாயந்தரம் மட்டும் அக்காவா'ன்னு. நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்கறது?"

"நான் எங்கடி பாக்காம போனேன்? அது கடைய லேட்டாத் தொறக்குது," என்றார் சவரிமுத்து அண்ணன்.

"ஆமா, தொறக்காத கடைலதான் உன் சட்டை இஸ்திரி ஆவுது."

வனஜா அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தீர்கள்.

"ஸ்டேஷனுக்குப் போறப்போ அந்தக் கடை எந்தப் பக்கம் வரும்?"

ஆரோக்கியமேரி அக்கா எழுந்து நின்று, சுவரைத் தெருவாக நினைத்துக் கையைக் காட்டிப் பார்த்தார். "எடது பக்கம்மா."

"திரும்பி வர்றப்போ?"

"சோத்துக்கைப் பக்கம்." சொல்லிவிட்டு நீட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றாராம்.

அமைதியான அறையில் வைத்த தாள் சோதனைகளில் சவரிமுத்து அண்ணன் ஒன்றையும் விடவில்லை. தாள் முழுவதும் சிதறிக் கிடந்த சின்னக் கோடுகளை இடப்பாதி, வலப்பாதி இரண்டிலும் குறுக்கே கோடிழுத்து அடித்து முடித்தார். வேறொருவராக இருந்தால் அங்கேயே முடித்திருப்பார். நீங்கள் வெளிச்சத்தம் உள்ளே வரும்படி வராந்தாக் கதவைத் திறந்து வைத்து, நூறிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே அதே கோடுகளை மறுபடி அடிக்கச் சொன்னீர்கள். வலப்பாதி முழுக்க அடித்திருந்தார். இடப்பாதியில் பெரும்பாலானவை தொடாமல் கிடந்தன. முடித்துவிட்டேன் என்று பென்சிலையும் கீழே வைத்துவிட்டார். கண் நன்றாகத்தான் இருந்தது. கூச்சலும் வேலையும் சேர்ந்து அழுத்தும்போது மட்டும் இடப்பக்க உலகம் அவர் கவனத்திலிருந்து கழன்று விழுந்தது. ஸ்கேனில் தெரியாததும், அமைதியான அறையில் தெரியாததும், சம்மட்டி இயந்திரம் அடிக்கும் பட்டறையில் தெரிவதும் அதுதான்.

நீங்கள் இரண்டு பக்க அறிக்கை எழுதினீர்கள். கிரேன் கூடாது. அமைதியான இடத்தில், பாகங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும்படி அமைத்த சோதனை மேஜையில் வேலை செய்யலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி திரு. ஜகதாப், கேட்டது ஒரு வார்த்தை, எதற்கு இரண்டு பக்கம் என்று தொலைபேசியில் கத்தினார். அன்று மாலையே விஸ்வேஸ்வரன் சார் புதிர் அறைக்கு முதல்முறையாக வந்தார். வண்ணக் கட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், அந்தக் கம்பெனியோட வருஷாந்திரச் செக்கப் மொத்தமும் நமக்கு வர்ற மாதிரி இருக்கு. அவா கேக்கறது ஒரே வரி. ஃபிட்டுன்னு எழுதுங்கோ, இல்லேன்னா அன்ஃபிட்டுன்னு எழுதுங்கோ. ஜூன் மீட்டிங்ல உங்க ரூமுக்கு நானே பேசறேன்."

"ஃபிட்டுன்னு எழுதினா சுமை வேற யார் தலைலயாவது விழும். அன்ஃபிட்டுன்னு எழுதினா இவர் தலைல விழும்."

"உங்க தலைல விழப்போறது தெரியலையா?"

"தெரியறது. அதை எழுத அந்த ஃபாரத்துல எடமில்லை."

அவர் போன பிறகு நீங்கள் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்ததாக வனஜா அக்கா சொல்கிறார். என்ன நினைத்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, ஆகவே எழுதவில்லை. அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் நீங்களும் வனஜா அக்காவும் கட்கி நிலையத்தில் லோனாவளா போகும் லோக்கல் ரயிலைப் பிடித்தீர்கள். சவரிமுத்து அண்ணனும் கூட வந்தார், வேலைக்குப் போகும் சட்டையோடு. பட்டறையில் வெயிலும் உலையும் சேர்ந்து காய்ந்தன. சாப்பாட்டு இடைவேளை முடிந்து சம்மட்டி இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும், செக்கச்செவேலென்று நகர்ந்துவரும் பாகங்களைச் சத்தமாக எண்ணும்படி சவரிமுத்து அண்ணனிடம் சொன்னீர்கள். ஜகதாபை அவருடைய இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பேசாமல் வந்து நிற்கச் சொன்னீர்கள். ஜகதாப் நின்றார். நீங்கள் எதிரே நின்று தமிழில் கேட்டீர்கள்:

"ஜகதாப் ஸாஹேப் வந்துட்டாரா, சவரிமுத்து?"

சவரிமுத்து அண்ணன் வலப்பக்கம் பார்த்தார். நேரே பார்த்தார். "இன்னும் வரலம்மா. அவரு வந்தா தெரியும், அல்லாரும் வெறப்பா நிப்பானுங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் விறைப்பாகத்தான் நின்றிருந்தார்கள். தன் பெயரைத் தவிர ஜகதாபுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொன்னான் என்று கேட்டார். வனஜா அக்கா அதை அப்படியே மராத்தியில் சொன்னார். ஜகதாப் மராத்தியில் மெதுவாகச் சொன்னது இது: "நடிக்கறவன்கூட என்னைப் பாத்தா முதல்ல ஒரு நமஸ்காரம் வச்சுட்டுத்தான் நடிப்பான்."

அதற்குப் பிறகு அவர் அறையில் நீங்கள் அதிகம் பேசவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டீர்கள். ஒரு நல்ல கிரேன் ஓட்டுநரைத் தயார் செய்ய எத்தனை காலம் ஆகும், தூணில் உரசிய சுமை கீழே விழுந்திருந்தால் பட்டறை எவ்வளவு நாள் நின்றிருக்கும், வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு எவ்வளவு காலம் இழுக்கும் என்று கேட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஜகதாபே பதில் சொன்னார், சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. உங்கள் சோதனைக் கட்டணம் அவற்றில் எதன் பக்கத்திலும் வைத்துப் பார்க்க முடியாத அளவு சிறியது. யாருக்கு மிச்சமோ அவரிடமே போய்க் காட்டிவிட்டீர்கள், அவர் வாயாலேயே.

ஜூன் கூட்டத்தன்று நல்ல மழை. தலையில் அடிபட்ட எந்தத் தொழிலாளியும் இந்தப் பிரிவில் சோதிக்கப்பட்ட பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும், அதற்கு ஆண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலை கேட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு தொழிற்சாலைகளும் விசாரித்திருந்தன. பேச எழுந்தவர் விஸ்வேஸ்வரன் சார்.

"மார்ச்சுல நான் ஒரு கேள்வி கேட்டேன். கேள்வி தப்பில்லை. ஆனா பெட்டை மட்டும்தான் வாங்க ஆள் இருக்குன்னு நினைச்சுண்டு கேட்டேன். ஒரு மனுஷன் ஒழுங்கா வேலைக்குத் திரும்பறதையும் வாங்க ஆள் இருக்குன்னு மேடம் காட்டிட்டா. இன்னொண்ணும் சொல்லணும். நம்ம இலவச வார்டுல நாம ஒண்ணும் விக்கலை. அங்க செலவு மட்டும்தான். அங்க ஒரு பெட்டு சீக்கிரம் காலியானா நமக்கும் மிச்சம், வாசல்ல காத்துண்டிருக்கற அடுத்த ஏழைக்கும் எடம். அதை மார்ச்லயே நான் பாத்திருக்கணும்."

அல்ட்ராசவுண்ட் இயந்திரம் மாடிக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் நீங்கள் இலவச வார்டுக்குப் போகத் தொடங்கியது அந்த மழைக்காலத்திலிருந்துதான். கணக்குப் பிரிவும் 'பொம்மை ரூம்' என்று சொல்வதை நிறுத்திக்கொண்டது, உங்கள் காதில் விழும்படியாவது.

எல்லாமே இனிமையாக முடிந்தது என்று எழுதினால் ஓரத்தில் பென்சில் விழும். சவரிமுத்து அண்ணன் சோதனை மேஜையில் உட்கார்ந்தார். மேஜையின் இடது விளிம்பில் ஒட்டிய சிவப்புப் பட்டை கண்ணில் படும்வரை தலையைத் திருப்பப் பழகினார். நன்றாக வேலை செய்தார், போன ஆண்டு நல்ல பெயரோடு ஓய்வும் பெற்றார். ஆனால் அவருக்கு வேண்டியது கிரேன். ஆறு மாதம் கழித்து வந்தபோதும், அதற்கடுத்த ஆண்டு வந்தபோதும் கூடாது என்றுதான் சொன்னீர்கள். இரண்டாம் முறை உங்களிடம் சொல்லிக்கொள்ளாமலேயே எழுந்து போனார். அது உங்களுக்கு வலித்தது என்று வனஜா அக்காவுக்குத் தெரியும். ஒருவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக அளவை மாற்றாதவர் நீங்கள். நேற்று அவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "அந்தம்மா மேல கோவம் இன்னும் கொஞ்சம் இருக்குது. அதனாலதான் மாலை நானே வாங்கியாந்தேன்," என்றார்.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள். வலிப்புக்கு மூளை அறுவை செய்யும் முன், கத்தி எங்கே பட்டால் பேச்சும் நினைவும் போகும் என்று உங்களிடம் கேட்காமல் நம் அறுவை மருத்துவர்கள் தொடுவதில்லை. மறதி நோய் என்று முத்திரை குத்தி அழைத்துவரப்பட்டவர்களில் மனச்சோர்வுக்காரர்களைப் பிரித்தெடுத்து, மருந்து கொடுத்தால் தேறக்கூடியவர்களைத் தேற வைத்தீர்கள். இந்தச் சில ஆண்டுகளாக வாகட் பக்கத்து அடுக்ககங்களிலிருந்து, பைக்கிலிருந்து விழுந்த கணினிப் பொறியாளர்கள் வருகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது, ஆபீஸில் மட்டும் எதுவும் முடிவதில்லை என்று சொல்லும் அந்தப் பிள்ளைகளை அவர்களுடைய மேலாளர்கள் சோம்பேறி என்று எழுதுவதற்கு முன், நீங்கள் வேறொன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஒரே ஆளின் பிரிவாகத் தொடங்கியது இன்று ஐந்து பேரின் பிரிவு. இந்த ஐந்து பேருக்கும், உங்களோடு ஒரே தாழ்வாரத்தில் நடந்தோம் என்ற பெருமை போதும்.

இந்த ஜனவரியில் பழைய கேள்வி மறுபடி எழுந்தது. நீங்கள் போன பிறகு இந்தப் பதவியை நிரப்ப வேண்டுமா, தேவைப்படும்போது வெளியிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டால் போதாதா என்று நிர்வாகம் யோசித்தது. கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள் என்று நாங்கள் கெஞ்சினோம். "நான் பேசினா எனக்காகப் பேசின மாதிரி ஆயிடும். பிரிவு வேணும்னா பிரிவைப் பாத்துச் சொல்லட்டும்" என்று மறுத்துவிட்டீர்கள். அதோடு விடவில்லை. தளேகாவுக்கும் சாகணுக்கும் எங்களைத் தனியே அனுப்பத் தொடங்கினீர்கள். போன இடமெல்லாம் முதலில் 'மேடம் எங்கே' என்று கேட்டார்கள். ஏப்ரலுக்குப் பிறகு கேட்பது குறைந்துபோயிற்று. எங்களுக்கு அது வருத்தமாக இருந்தது. வந்து சொன்னோம். "நல்லது" என்றீர்கள், அறிக்கையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

போன வாரம் நிர்வாகம் முடிவு சொன்னது. பதவி நிரப்பப்படுகிறது. உங்கள் இடத்தில் டாக்டர் அம்ருதா திங்கட்கிழமை பொறுப்பேற்கிறார். இலவச வார்டுக்கென்று இன்னொரு பதவியும் உருவாகிறது.

திங்கட்கிழமை வரப்போகும் முதல் நோயாளியின் அனுப்புச் சீட்டு நேற்றே வந்துவிட்டது. சாகணில் ஒரு கம்பெனி அனுப்பியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக எங்கிருந்து வந்த சீட்டானாலும் 'டாக்டர் விசாலாக்ஷியிடம் காட்டவும்' என்றுதான் இருக்கும். இதில் உங்கள் பெயர் இல்லை. 'நரம்பு உளவியல் பிரிவு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வனஜா அக்கா அதை எங்கள் எல்லாருக்கும் காட்டினார். எங்களில் ஒருவருக்கும் அது மறதியால் விட்டுப்போன பெயராகத் தோன்றவில்லை.

அந்தச் சீட்டில் பெயர் இல்லாதவரே, பெயர் தேவைப்படாதபடி ஒரு பிரிவை நிற்கவைத்தவரே, நல்ல நடையும் நல்ல உறக்கமும் குறையாத நினைவும் துணையிருக்க, நீங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
நரம்பு உளவியல் பிரிவின் பணியாளர்களும்
மருத்துவமனையின் தமிழ் நண்பர்களும்

புனே
31 மே 2008